வாங்குபவருக்கும் அறம் உண்டு



தீபாவளி நெருங்கினால் நம் கிளைகளில் ஒரு வேலை தவறாமல் வரும். அன்பளிப்பு வாங்கும் வேலை. சமய வகுப்பு ஆசிரியர்களுக்கு, கோயில் குருக்களுக்கு, வருஷம் முழுக்கச் சம்பளம் இல்லாமல் ஓடியாடிய தொண்டூழியர்களுக்கு என்று ஒரு பட்டியல் போடுவோம். யாராவது ஒருவர் தலையில் அந்தப் பொறுப்பு விழும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அது என் தலையில் விழுந்தது. அப்போது நான் செய்த ஒரு தப்புதான் இன்றைய பாடம்.

இந்தப் பாடத்தின் நோக்கம் இரண்டு. ஒன்று, நம் வட்டாரத்தில் கையால் பொருள் செய்து விற்பவர்களிடம் அன்பளிப்பு வாங்கும்போது நமக்குள்ள கடமை என்ன என்று புரிந்துகொள்வது. இன்னொன்று, அதை எப்படி முறையாகச் செய்வது என்று பழகுவது. வகுப்பில் சேர்ந்து படித்து, கடைசியில் உள்ள கேள்விகளைப் பேசுங்கள்.

1. நடந்தது இதுதான்

நான் அப்போது கிளைப் பொருளாளர். எங்கள் தாமானில் ஒரு ஆன்ட்டி இருக்கிறார். பகலில் பள்ளி சிற்றுண்டிச்சாலையில் வேலை. தீபாவளி சமயத்தில் இரவெல்லாம் முறுக்கு, அச்சு முறுக்கு, நெய் உருண்டை. தாமானில் யாரும் அவர் பெயரைச் சொல்வதில்லை, 'முறுக்கு ஆன்ட்டி' என்றால்தான் தெரியும்.

தீபாவளிக்கு முந்தின வாரம் எங்கள் கிளையின் பாராட்டு விழா. அதற்கு 50 டப்பா முறுக்கு வேண்டும் என்று மூன்று வாரத்துக்கு முன்னால் ஆன்ட்டிக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினேன். ஒரு டப்பா 18 ரிங்கிட். முன்பணம் எதுவும் நான் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. "யார் யாருக்கு குடுக்கப் போறீங்க தம்பி? பேரு லிஸ்ட் இருந்தா அனுப்புப்பா" என்று மட்டும் கேட்டார். எதற்கு என்று யோசிக்காமல் பட்டியலை அனுப்பிவைத்தேன்.

விழாவுக்கு நாலு நாள் இருக்கும்போது ஒரு பெரிய கடையில் முறுக்கு டின் 13 ரிங்கிட் 90 காசு என்று விளம்பரம் பார்த்தேன். கணக்குப் போட்டேன். டின்னுக்கு 4 ரிங்கிட் 10 காசு குறைவு, 50 டின்னுக்கு 205 ரிங்கிட் மிச்சம். கிளைப் பணம், சிக்கனமாக இருக்க வேண்டாமா? உடனே ஆன்ட்டிக்கு, "சாரி ஆன்ட்டி, ஆர்டர் கேன்சல். கமிட்டி முடிவு" என்று எழுதினேன். கமிட்டியில் அதுவரை யாரிடமும் நான் பேசவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பதில் வந்தது: "சரிப்பா. பரவால்ல."

அன்று இரவுக் கூட்டத்தில் 205 ரிங்கிட் மிச்சப்படுத்திவிட்டேன் என்று சொன்னேன். எல்லாரும் கைதட்டினார்கள்.

மறுநாள் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வழக்கமாக எடுக்கும் இரண்டு டப்பா வாங்க அம்மாவோடு ஆன்ட்டி வீட்டுக்குப் போனேன். ஹாலில் சுவரோரமாகச் சிவப்பு மூடி போட்ட டப்பாக்கள் அடுக்கி இருந்தன. 22 டப்பா. பக்கத்தில் எண்ணெய் டின், மில்லில் அரைத்த மாவு மூட்டை. ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு வெள்ளைச் சீட்டு ஒட்டியிருந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். எங்கள் ஆசிரியர்களின் பெயர், தொண்டூழியர்களின் பெயர். அழகான தமிழ்க் கையெழுத்தில், கீழே ஒரு சின்ன அகல்விளக்குப் படத்தோடு. ஐந்தாம் படிவம் படிக்கும் ஆன்ட்டியின் மகள் தேர்வுப் பரபரப்புக்கு நடுவில் உட்கார்ந்து எழுதியது. மேசை மேல் இன்னும் 28 சீட்டு எழுதி முடித்துக் கிடந்தது.

அம்மாவுக்கு விஷயம் தெரியாது. "என்னங்க, இவ்ளோ ஆர்டரா? நல்லதுதான்" என்றார். ஆன்ட்டி என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. "ஆமாங்க, இந்த வருஷம் கொஞ்சம் கூடத்தான்" என்று சொல்லிவிட்டு என்னிடம் திரும்பி, "உங்களுக்கு எப்பவும் போல ரெண்டுதானே தம்பி?" என்றார்.

அவர் திட்டியிருந்தால் எனக்குப் பரவாயில்லை. காரில் ஏறின பிறகுதான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா வீடு வரும் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்று இரவே நிர்வாகக் குழுவிடம் உள்ளதைச் சொன்னேன். கடை டின்னுக்கு ஏற்கெனவே கிளைப் பணம் கட்டியாகிவிட்டது. அதனால் நிர்வாகத்தில் இருந்த ஒன்பது பேரும் ஆளுக்கு 44 ரிங்கிட் சொந்தக் காசு போட்டு, 396 ரிங்கிட்டுக்கு அந்த 22 டப்பாவையும் எடுத்தோம். மீதி மாவுக்கு எங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் ஆர்டர் கேட்டோம். 15 டப்பாவுக்கு ஆள் கிடைத்தது. 13 டப்பாவுக்குக் கிடைக்கவில்லை. அந்த நஷ்டம் ஆன்ட்டியுடையதாகவே போனது.

விழாவில் 22 பேருக்குப் பெயர் எழுதிய டப்பா, மற்ற 28 பேருக்குக் கடை டின். மிஞ்சிய டின்களை முதியோர் இல்லத்துக்குக் கொடுத்தோம். பெயர் உள்ள டப்பாவை வாங்கினவர்கள் முறுக்கைப் பார்ப்பதற்கு முன்னால் சீட்டைத்தான் படித்தார்கள். பல வருஷமாகத் தேவாரம் சொல்லித் தரும் ஆசிரியர் ஒருவர் அந்தச் சீட்டைப் பதமாக உரித்துத் தன் கைப்பேசி உறைக்குள் வைத்துக்கொண்டார். கடை டின் வாங்கின ஒரு அக்கா சிரித்துக்கொண்டே, "தம்பி, எனக்கு மட்டும் பேரு எழுதலையா?" என்று கேட்டார். எழுதியிருந்தது அக்கா, சீட்டு ஆன்ட்டி வீட்டு மேசையில் கிடக்கிறது என்று நான் எப்படிச் சொல்வது?

2. மூன்று நாயன்மார், மூன்று கைத்தொழில்

அந்த வாரம் எங்கள் திருமுறை வகுப்பில் திருநீலகண்ட நாயனார் பாடம். பல தடவை கேட்ட கதைதான். அன்று வேறு மாதிரி கேட்டது.

சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடிய அறுபத்து மூவரில் பலர் கைத்தொழிலை வைத்தே தொண்டு செய்தவர்கள். மூவரை மட்டும் பார்ப்போம்.

தில்லையில் வாழ்ந்த திருநீலகண்டர் குயவர். மண்ணில் திருவோடு வனைந்து சிவனடியார்களுக்குக் கொடுத்து வந்தார். சிவபெருமான் ஒரு சிவயோகியாக வந்து தம் ஓட்டை அவரிடம் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லிவிட்டுப் போகிறார். திரும்பி வந்து கேட்கும்போது ஓட்டைக் காணவில்லை. வேறு நல்ல ஓடு தருகிறேன் என்கிறார் நாயனார். பொன்னால் செய்து கொடுத்தாலும் வேண்டாம், நான் கொடுத்த அந்த மண் ஓடுதான் வேண்டும் என்கிறார் யோகி. இறைவன் நடத்திய சோதனை அது. ஆனாலும் அந்தப் பேச்சைக் கவனியுங்கள். ஒரு மண் ஓட்டுக்கு இன்னொரு ஓடு ஈடாகாது. விலை கூடிய ஓடும் ஈடாகாது. ஒப்படைத்ததைத் திருப்பித் தர வேண்டிய கடன் அதில் இருக்கிறது.

நேச நாயனார் நெசவாளர். மனம் இறைவனை நினைக்க, கை தறியில் இருக்கும். தாம் நெய்த உடையையும் கீளையும் கோவணத்தையும் அடியார்களுக்குக் கொடுத்தவர். திருப்புகலூர் முருக நாயனார் விடிவதற்கு முன்னே எழுந்து பூப்பறித்து, வகை வகையாக மாலை தொடுத்து இறைவனுக்குச் சாத்தியவர்.

மண், நூல், பூ. மூன்றும் மலிவான பொருள்கள். அவற்றில் கை படும்போதும் நேரம் செலவாகும்போதும் மதிப்பு வருகிறது. குருபூஜையில் இவர்கள் படத்துக்கு மாலை போட்டு வணங்குகிறோம். அதே தொழிலை இன்று செய்கிற பூக்கடை அண்ணனிடமும் தையல் அக்காவிடமும் எப்படி நடந்துகொள்கிறோம் என்று அன்றைக்கு என்னை நானே கேட்டுக்கொண்டேன்.

இன்னொன்றும் உண்டு. திருக்குறளில் நடுவுநிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறள் வாணிகத்தைப் பற்றியது. பிறர் பொருளையும் தன் பொருளைப் போலவே பேணுவதுதான் வாணிகம் என்கிறார் வள்ளுவர். இதை வியாபாரிக்குச் சொன்ன புத்திமதியாகவே படித்திருந்தேன். வாங்குகிறவனும் வாணிகத்தில் ஒரு பாதி. ஆன்ட்டி வாங்கிப் போட்ட மாவும் எண்ணெயும் என் வீட்டுக் காசாக இருந்திருந்தால், நாலு நாளைக்கு முன்னால் ஒரே வரியில் ரத்து செய்திருப்பேனா?

3. கையால் செய்வதற்கு ஒரு காலம் உண்டு

பெரிய கடையில் பொருள் முன்பே செய்து அடுக்கில் இருக்கும். நாம் வாங்காவிட்டால் அடுத்தவர் வாங்குவார். ஆர்டருக்குச் செய்பவரின் நிலை அப்படி இல்லை. நாம் 'வேண்டும்' என்று சொன்ன நிமிஷத்தில் அவருடைய செலவு தொடங்கிவிடுகிறது. இதுதான் இந்தப் பாடத்தின் மையம்.

ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு நாள்காட்டி இருக்கிறது.

முறுக்குக்கு அரிசியைக் கழுவிக் காயவைத்து, உளுந்தை வறுத்து, மில்லுக்குக் கொண்டுபோய் அரைக்க வேண்டும். அதிரச மாவு பாகோடு சேர்ந்து ஊற வேண்டும், நினைத்தவுடன் சுட முடியாது. நன்றாக ஆறவைத்துக் காற்றுப் புகாமல் மூடினால் முறுக்கு சில வாரம் தாங்கும். அதனால் அதை முன்கூட்டியே செய்துவைக்கலாம். மாலை அப்படி இல்லை. அன்றன்றைக்குத் தொடுத்தால்தான் அழகு. முதல் நாள் இரவெல்லாம் கண் விழித்தால்தான் காலை முகூர்த்தத்துக்கு மாலை வரும்.

மண் பானையைச் சக்கரத்தில் வனைந்து, நிழலில் காயவைத்து, பிறகுதான் சூளையில் சுடுவார்கள். மழை பெய்தால் காய்வது தள்ளிப்போகும். பொங்கலுக்கு ஜனவரியில் பானை வேண்டும் என்றால், அது முந்தின வருஷ மழைக்காலத்தில் காய வேண்டிய பானை. தீபாவளி ரவிக்கை தைக்கும் அக்காமார் பலர் ஒரு மாதத்துக்கு முன்பே ஆர்டரை மூடிவிடுவது ஏன் என்றும் இப்போது புரிந்திருக்கும். இருப்பது இரண்டு கை, ஒரு மெஷின்.

4. வாங்குபவருக்கு ஐந்து ஒழுக்கங்கள்

எங்கள் கிளையில் இப்போது இந்த ஐந்தையும் எழுதிவைத்துக் கடைப்பிடிக்கிறோம்.

முதலாவது, முன்னதாகச் சொல்லுங்கள். பலகாரமோ துணிப்பையோ அட்டையோ, குறைந்தது ஒரு மாதம். எப்போது முடியும் என்று செய்பவரைக் கேளுங்கள். நாமே தேதி வைத்து அவரை அவசரப்படுத்த வேண்டாம்.

இரண்டாவது, பாதிப் பணம் முன்னால் கொடுங்கள். கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் நிறையப் பேர். அதனால் நாமே கொடுக்க வேண்டும். டுயிட்நவ் க்யூஆர் இருந்தால் ஒரு நிமிஷ வேலை. மீதியைப் பொருளை எடுக்கும் அன்றைக்கே கட்டிவிடுங்கள். "அடுத்த வாரம் கிளைக் கூட்டம் முடிஞ்சி தரோம் ஆன்ட்டி" என்ற பேச்சே வேண்டாம்.

மூன்றாவது, எல்லாவற்றையும் ஒரே செய்தியில் எழுத்தில் கொடுங்கள். எத்தனை, என்ன நிறம், எந்தத் தேதி, யார் யார் பெயர். பெயர் பொறிக்கிற அன்பளிப்பு என்றால் எழுத்துப்பிழை பார்ப்பது நம் வேலை. ணகர னகரம் மாறினால் வாங்குகிறவர் மனம் சுருங்கும், செய்தவருக்கோ ஒரு பொருள் வீண்.

நாலாவது, விலையை ஆரம்பத்திலேயே பேசி முடியுங்கள். பணம் குறைவாக இருந்தால், "எங்ககிட்ட 600 ரிங்கிட்தான் இருக்கு. 50 பேருக்கு என்ன செய்ய முடியும் ஆன்ட்டி?" என்று நேராகக் கேளுங்கள். சின்ன டப்பாவில் போடலாம், இரண்டு வகையை ஒன்றாக்கலாம். ஏதாவது வழி அவருக்குத் தெரியும். எல்லாம் செய்து முடித்த பிறகு நின்றுகொண்டு இரண்டு ரிங்கிட் குறைக்கச் சொல்வது அழகில்லை.

ஐந்தாவது, ரத்து செய்தே ஆக வேண்டும் என்றால் நேரில் போங்கள், அல்லது கூப்பிட்டுப் பேசுங்கள். முடிந்த பொருளுக்கும் வாங்கிப் போட்ட சாமானுக்கும் பணம் கட்டுங்கள். கமிட்டி மேல் பழி போடாதீர்கள். நான் போட்டேன், இன்னும் உறுத்துகிறது.

இங்கே ஒரு கேள்வி வரும். சின்ன வியாபாரி என்பதற்காகச் சுமாரான பொருளையும் வாங்க வேண்டுமா? வேண்டாம். இது தானம் இல்லை, கொடுக்கல் வாங்கல். இரண்டு பக்கமும் கடமை உண்டு. முறுக்கு காறலாக இருந்தால் ஆன்ட்டியிடம் தனியாகச் சொல்லுங்கள், ஊர்க் குழுவில் போடாதீர்கள். 'கையால் செய்தது' என்று சீட்டு ஒட்டியதெல்லாம் கையால் செய்ததாகவும் இருக்காது. மொத்தமாக வாங்கிப் பொட்டலம் மாற்றி விற்பவர்களும் இருக்கிறார்கள். எப்படிச் செய்கிறீர்கள் என்று கேளுங்கள். கையால் செய்பவர் அதைச் சொல்லச் சந்தோஷப்படுவார்.

விழாவுக்கு மொத்தமாக உணவு வாங்கும்போது டைபாய்டு தடுப்பூசி போட்டிருக்கிறாரா, உணவு கையாளும் பயிற்சிக்குப் போயிருக்கிறாரா என்றும் மரியாதையாகக் கேட்கலாம். போகவில்லை என்றால் பதிவு செய்ய உதவுங்கள். வியாபாரப் பதிவும் அப்படித்தான். எஸ்எஸ்எம்மில் சொந்தப் பெயரில் பதிய வருஷத்துக்கு 30 ரிங்கிட், வேறு கடைப் பெயர் வைத்தால் 60 ரிங்கிட். பாரம், இணையம் என்று பயந்தே பலர் விட்டுவிடுகிறார்கள். நமக்கு அது அரை மணி நேர வேலை. பதிவு இருந்தால் அவர் முறையான ரசீது தரலாம், நம் கிளைக் கணக்குக்கும் நல்லது.

5. எங்கே தேடுவது?

முதலில் உங்கள் தாமானைச் சுற்றிப் பாருங்கள். கோயில் வாசலில் பூக்கட்டும் அம்மா, பாசார் மாலாமில் வளையல் கோக்கும் அக்கா, வீட்டிலேயே கேக் செய்யும் பள்ளித் தோழி. பிறகு கொஞ்சம் வெளியே வாருங்கள். கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பிரிக்பீல்ட்ஸிலும் பினாங்கு லிட்டில் இந்தியாவிலும் மாலை தொடுப்பவர்களை நின்று பாருங்கள். விரல் போகும் வேகம் தெரியும். ஈப்போ புந்தோங்கில் கம்போங் காச்சாங் பூத்தே இருக்கிறது. தலைமுறையாகக் கடலையும் முறுக்கும் செய்யும் நம் குடும்பங்களின் இடம். கோல சிலாங்கூர் பக்கம் கம்போங் குவாந்தானில் நம்மவர்கள் பானையும் அகலும் வனைகிறார்கள்.

நம் ஆட்களோடு மட்டும் நிறுத்திக்கொள்ளவும் வேண்டாம். கிள்ளானிலிருந்து கேரி தீவு தூரமில்லை. அங்கே மா மெரி பூர்வகுடிப் பெண்கள் ஓலையில் பின்னும் பைகளும் பெட்டிகளும் அன்பளிப்புக்கு மிகவும் பொருத்தம். போன வருஷம் எங்கள் கிளை ஆலோசகருக்கு அப்படி ஒரு பெட்டி கொடுத்தோம். திருநீற்றுப் பையும் ருத்ராட்சமும் வைக்கப் பூசையறையில் வைத்திருக்கிறார்.

யாருக்கு என்ன என்று யோசிக்கும்போது அந்த ஆளின் ஒரு நாளை மனசில் ஓட்டிப் பாருங்கள். தினமும் மிருதங்கம் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வரும் ஆசிரியருக்கு நல்ல உறை தைத்துக் கொடுக்கலாம். இனிப்பு நோய் உள்ள தாத்தாவுக்கு நெய் உருண்டை எதற்கு? பெயர் எழுதின ஒரு அகல்விளக்கு போதும்.

6. இந்த வருஷம்

போன மாதம் முறுக்கு ஆன்ட்டி வீட்டுக்குப் போனேன், 60 டப்பா ஆர்டரோடு. கதவைத் திறந்து உட்காரச் சொல்லி, டீ கொடுத்து, நோட்டை எடுத்தார். எழுதி முடித்துவிட்டுக் கொஞ்சம் தயங்கினார். பிறகு சொன்னார்: "தம்பி, தப்பா நெனச்சுக்காத. பாதி காசு முன்னாடி குடுத்துடுப்பா."

எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வலிக்கவும் செய்தது. அவரை அப்படிக் கேட்க வைத்தவன் நான்தான். அங்கேயே கைப்பேசியை எடுத்துக் கட்டினேன். பெயர்ப் பட்டியலையும் கொடுத்தேன், இந்தத் தடவை ணகர னகரம் பார்த்து. மகள் இப்போது பல்கலைக்கழகத்தில் இருக்கிறாளாம். தீபாவளி லீவுக்கு வரும்போது சீட்டு எழுதுவாள் என்றார். 28 பேருக்குப் பழைய பாக்கி இருக்கிறது என்பது அவளுக்கும் ஞாபகம் இருக்கும் என்று நினைக்கிறேன். அந்த 28 பேரில் இன்றும் நம்மோடு இருப்பவர்களின் பெயரைத்தான் பட்டியலில் முதலில் போட்டேன்.

வகுப்பில் பேச:

1. யாராவது தன் கையால் செய்து கொடுத்த பொருள் எதையாவது இன்னும் வைத்திருக்கிறீர்களா? ஏன் அதைத் தூக்கிப் போடவில்லை?

2. 'கிளைப் பணத்தைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டும்', 'கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும்'. இரண்டும் மோதினால் பொருளாளர் என்ன செய்ய வேண்டும்?

3. திருநீலகண்டரிடம் யோகி அதே ஓட்டைத்தான் கேட்டார். நம் அன்றாடக் கொடுக்கல் வாங்கலில் இதற்கு ஓர் உதாரணம் சொல்லுங்கள்.

4. ஆன்ட்டி "பரவால்ல" என்று எழுதினார். நம்மைவிட எளிய நிலையில் இருப்பவர் "பரவாயில்லை" என்று சொன்னால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

செய்து பார்க்க:

அடுத்த வகுப்புக்குள் உங்கள் வட்டாரத்தில் கையால் பொருள் செய்து விற்கும் மூன்று பேரை நேரில் போய்ப் பாருங்கள். என்ன செய்கிறார், எத்தனை நாளுக்கு முன் சொல்ல வேண்டும், பதிவு இருக்கிறதா, என்ன உதவி வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாருடைய குறிப்பையும் சேர்த்தால் உங்கள் கிளைக்கு ஒரு பட்டியல் தயார். அடுத்த தீபாவளிக்கு அதிலிருந்து ஆர்டர் கொடுக்கலாம். கொடுக்கும்போது பாதிப் பணத்தையும் கையோடு கொண்டு போங்கள்.